அதிகம் பேசுகிறவளும் அளந்து பேசுகிறவரும்

(நம் சங்கத்தின் மாதாந்திர மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

போன மாதம் இதே ஹாலில் சர்க்கரை நோயைப் பற்றி ஒரு டாக்டர் பேசினார். அதற்கு முந்தைய மாதம் உயில் எழுதுவது பற்றி ஒரு வக்கீல் பேசினார். எனக்குக் கொடுத்த இருபது நிமிஷத்தில் ஒரு தாய்லாந்து டிவி தொடரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று செயலாளரிடம் சொன்னேன். "சார், நீங்கள் எஃப்.டி. வட்டி பற்றிப் பேசுவீர்கள் என்றல்லவா நினைத்தேன்" என்றார். முப்பத்தாறு வருஷம் பாங்கில் கிளார்க்காக இருந்தவனிடம் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். வட்டி பற்றித் தெரிய வேண்டியவர்கள் பி பிளாக்கில் வந்து கேளுங்கள், சொல்கிறேன். இன்றைக்குக் காதல் கதை.

தொடரின் பெயர் 'புப்பேசன்னிவாத்'. ஆங்கிலத்தில் 'லவ் டெஸ்டினி' என்று வைத்திருக்கிறார்கள். 2018 பிப்ரவரி 21 முதல் ஏப்ரல் 11 வரை, புதன், வியாழன் என்று தாய்லாந்தின் சேனல் 3-இல் வந்தது. மொத்தமே 15 எபிசோடு. நம் ஊர் சீரியலில் 15 எபிசோடு என்றால் ஒருத்தி மாடிப்படி இறங்கி முடிப்பதற்கே போதாது. ரோம்பேங் என்ற பெயரில் எழுதும் பெண் எழுத்தாளரின் நாவலை, சல்யா என்பவர் திரைக்கதை ஆக்க, பவத் பனங்கசிரி இயக்கினார்.

அந்தப் பெயரைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். புப்பே என்றால் பூர்வம். சன்னிவாத் என்று அவர்கள் உச்சரிப்பது எழுத்தில் சன்னிவாசம். பாலி மொழிச் சொல். முற்பிறவியில் சேர்ந்து வாழ்ந்தவர்கள் என்று பொருள். நாங்கள் லெட்ஜரில் பக்கம் திருப்பியதும் முதல் வரியில் 'பி.எஃப்.' என்று எழுதுவோம். முந்தைய பக்கத்திலிருந்து கொண்டு வந்த தொகை. இந்தக் காதலும் அப்படிக் கொண்டு வந்த பாக்கிதான்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முடிவு தெரிந்தால் சுவாரஸ்யம் போய்விடும் என்கிறவர்கள் கவலைப்பட வேண்டாம், இதில் முடிவு முதல் எபிசோடிலேயே தெரிந்துவிடும்.

கேத்சுராங் இந்தக் காலத்துப் பெண். தொல்லியல் படித்தவள். பருமனான உடம்பு, ஓயாத வாய், எப்போதும் சிரிப்பு, சாப்பாட்டில் மிகுந்த ஈடுபாடு. கார் விபத்தில் இறந்துபோகிறாள். அவளுடைய உயிர் முந்நூறு வருஷத்துக்கும் மேலாகப் பின்னால் போய், அயுத்தயா நகரத்தில் ஒரு பெரிய வீட்டில் இருக்கும் காரகேத் என்ற அழகியின் உடம்புக்குள் புகுந்துகொள்கிறது. காரகேத் என்றால் தாழம்பூ. பெயர்தான் பூ, ஆள் முள். கோபக்காரி, வேலைக்காரர்களை அடிப்பவள். தனக்குப் போட்டி என்று நினைத்த பெண் வந்த படகைக் கவிழ்க்க ஏற்பாடு செய்ததில் ஒரு வேலைக்காரப் பெண் செத்துப்போகிறாள். அந்த வீட்டில் கிருஷ்ணகாளி மந்திரம் என்ற ஒன்றை ஜபிக்கிறார்கள். குற்றம் செய்தவளை அது பலி வாங்கிவிடுகிறது. காரகேத் போன இடத்துக்கு கேத்சுராங் வருகிறாள்.

அந்த வீட்டுப் பிள்ளை கதாநாயகன். எழுத்தில் தேஜஸ்தான், அவர்கள் வாயில் 'தேத்' என்று வருகிறது. நான் தேஜ் என்றே சொல்கிறேன். அரண்மனை உத்தியோகம். நிமிர்ந்த முதுகு, இறுகிய முகம், வார்த்தையை எண்ணி எண்ணிச் செலவழிப்பவர். அவருக்கு நிச்சயித்து வைத்த பெண்தான் காரகேத், அவளைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அந்த வெறுத்த முகத்தோடு இப்போது வேறு ஒருத்தி எழுந்து உட்கார்ந்து, வாய் ஓயாமல் பேசுகிறாள், வேலைக்காரிகளுக்கு நன்றி சொல்கிறாள், தட்டைக் காலி செய்கிறாள்.

இதிலிருந்து நம் சீரியல்காரர்கள் எதை எடுத்திருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். படகில் தப்பித்த அந்தப் போட்டிப் பெண்ணை எடுத்திருப்பார்கள். அவள் பெயர் சன்வாத், பெயரில் சந்திரன் இருக்கிறது. அவளுக்கும் தேஜ் மேல் ஒரு கண் உண்டு. இங்கே என்றால் அவள் பாயசத்தில் எதையாவது கலந்திருப்பாள், முகத்தை மூன்று முறை கிட்டக் காட்டியிருப்பார்கள். தாய்லாந்திலும் அந்தப் பழக்கம் இல்லாமல் இல்லை. 'லக்கோன்' என்கிற அவர்கள் தொடர்களில் கத்துகிற வில்லி ஒருத்தி கட்டாயம் வேண்டும். கதாநாயகன் கதாநாயகியை அறைவதும் பிறகு முத்தமிடுவதுமாக ஒரு தனி ரகமே அவர்களிடம் உண்டு. அந்த ஊர்க் கடையில் இந்தச் சரக்கு விற்றது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். சன்வாத் என்ன செய்கிறாள் தெரியுமா? இந்தப் புது காரகேத்தைக் கொஞ்ச நாள் சந்தேகத்தோடு பார்க்கிறாள். பிறகு பேசிப் பார்க்கிறாள். பிறகு சிநேகிதி ஆகிவிடுகிறாள். கடைசியில் தேஜின் நண்பன் ரூவாங் அவளுக்குத் துணையாகிறான். ஒரு சொட்டு விஷம் செலவாகவில்லை.

"சண்டையே இல்லாத கதையில் என்ன சார் இருக்கிறது?" என்று எங்கள் பிளாக்கில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த இருபது நிமிஷமும்.

இரண்டு பேர் சுபாவத்தில் நேரெதிர் என்றால் கதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு காரியம் செய்வார்கள். ஒருவரை மற்றவர் மாதிரி ஆக்கிவிடுவார்கள். வாயாடிப் பெண் அடங்கிவிடுவாள், அதைக் குடும்பப்பாங்கு என்பார்கள். இல்லாவிட்டால் முரட்டு ஆள் உருகிவிடுவான், அதைக் காதல் என்பார்கள். இந்தத் தொடரில் கேத்சுராங் கடைசி வரை வாயை மூடுவதில்லை. தேஜ் கடைசி வரை அளந்துதான் பேசுகிறார். மாறுவது என்ன என்று கவனித்துப் பார்த்தேன். அவள் இந்தக் காலத்துச் சொற்களை அந்தக் காலத்தில் போட்டுப் பேசுகிறாள். யாருக்கும் புரிவதில்லை. வேலைக்காரிகள் பின், யேம் இருவரும் விழிக்கிறார்கள். தேஜும் முதலில் இவளுக்குப் பித்துப் பிடித்திருக்கிறது என்றுதான் நினைக்கிறார். பிறகு, "அப்படியென்றால் என்ன?" என்று கேட்க ஆரம்பிக்கிறார். அவ்வளவுதான். என் கணக்கில் அந்தக் காதல் தொடங்குவது அந்தக் கேள்வியில்தான். முத்தக்காட்சியெல்லாம் பிறகு வந்த வட்டி.

அவர் பக்கமும் ஒரு விஷயம் இருக்கிறது. பிற்பாடு அவருக்கு ராஜாவிடமிருந்து கிடைக்கும் பட்டம் ஸ்ரீ விசாரவாசா. வாசா என்றால் வாக்கு. பேசாத மனுஷனுக்குப் பட்டத்தில் பேச்சு! இது கற்பனைப் பெயரும் அல்ல. நாராய் மன்னர் 1686-இல் பிரான்ஸ் தேசத்துப் பதினாலாம் லூயியிடம் அனுப்பிய தூதுக்குழுவில் மூன்றாவது தூதருக்கு அதுதான் பட்டம். குழுவின் தலைவர் கோசா பான். சரித்திரத்தில் பட்டம் மட்டும் நின்ற ஓர் ஆளை எடுத்து, அவருக்கு ஒரு முகமும் மனைவியும் கொடுத்துவிட்டார் நாவலாசிரியை. கெட்டிக்காரி.

பெயர்களைக் கேட்கும்போதெல்லாம் நான் டிவியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அயுத்தயா, நம் அயோத்தி. நாராய், நாராயணன். காரகேத்தின் ஊர் பிட்சனுலோக், அது விஷ்ணுலோகம். தேஜின் அம்மா சம்பா, செண்பகம். அப்பா ஹோராதிபதி, அரண்மனைத் தலைமை ஜோசியர். அவர் சரித்திரத்தில் இருந்தவர், சிந்தாமணி என்று தாய் மொழிக்கு ஓர் இலக்கணப் புத்தகம் எழுதியவர். அந்த வீட்டில் ஆண்பிள்ளைகள் பெயருக்கு முன்னால் 'போ' என்றும் பெண்கள் பெயருக்கு முன்னால் 'மே' என்றும் சேர்த்துக் கூப்பிடுகிறார்கள். அப்பா, அம்மா என்று அர்த்தம். நாமும் நாலு வயசுப் பெண் குழந்தையை "இங்கே வாம்மா" என்றுதானே கூப்பிடுகிறோம். திருவெம்பாவை சியாமுக்குப் போன கதையை மார்கழியில் வேறு யாராவது பேசட்டும், அதற்குள் நான் போகவில்லை.

இனி எங்கள் வீட்டு விஷயம் கொஞ்சம். அது இல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். லிஃப்டில் பார்த்தால் தலையசைப்பேன். அதோடு சரி. ஆபீசர் பிரமோஷன் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு அதே ஊரில் கிளார்க்காகவே ரிட்டயர் ஆனவன். டிரான்ஸ்ஃபர் பயம் ஒரு காரணம். நாலு பேரை வேலை வாங்கப் பேச வேண்டியிருக்குமே என்பது இன்னொரு காரணம். என் மனைவி நேரெதிர். மாயவரத்தில் எங்கள் வீடு தெருவைப் பார்த்த வீடு. வாசலில் கீரை கொண்டு வருகிறவள், பால்காரர், எதிர்வீட்டு மாமி, ஸ்கூல் விட்டு வரும் பிள்ளைகள், எல்லாரிடமும் அவளுக்குப் பேச்சு உண்டு. நான் பாங்கிலிருந்து வந்ததும் அந்தத் தெருவின் அன்றைய கணக்கை எனக்கு ஒப்பிப்பாள். நான் "ம்" போடுவேன். முப்பத்தேழு வருஷம் அது ஒழுங்காக டாலி ஆனது.

இங்கே வந்து இரண்டரை வருஷம் ஆகிறது. வசதிக்கு ஒரு குறையும் இல்லை, லிஃப்ட் இருக்கிறது, ஜெனரேட்டர் இருக்கிறது. கதவு மட்டும் எல்லா வீட்டிலும் மூடியிருக்கிறது. கீரை செயலியில் வருகிறது, கொண்டு வரும் பையன் பையை வாசலில் வைத்துவிட்டு மணி அடித்துவிட்டு ஓடிவிடுகிறான். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவள் கீழே இறங்குவதும் குறைந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போயிற்று. ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் ஃபிரிட்ஜ் சத்தம் மட்டும் கேட்கும். பேசாமல் இருப்பது என் சுபாவம். அவளுக்கு அது வியாதி மாதிரி. டாக்டரிடம் போனோம், தைராய்டு பார்த்தார்கள், மாத்திரை எழுதினார்கள்.

எங்கள் மகள் பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்தபோது இந்தத் தொடரை டிவியில் போட்டுவிட்டுப் போனாள். தாய் மொழியில் பேசுகிறார்கள், கீழே ஆங்கில எழுத்து ஓடுகிறது. அந்த வேகத்துக்கு அவளால் படிக்க முடியவில்லை. ஆகவே நான் படித்துத் தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று. யோசித்துப் பாருங்கள். அந்தக் கதாநாயகி ஒரு நிமிஷம் சும்மா இருக்கிறவள் அல்ல. அவள் பேசுவதை அத்தனையும் நான் பேச வேண்டும். கதாநாயகன் இரண்டு வார்த்தை சொல்லி எனக்கு ஓய்வு கொடுப்பார், அவ்வளவுதான். முதல் எபிசோடு முடிவதற்குள் தொண்டை கட்டிவிட்டது. மூன்றாவது எபிசோடில், கேத்சுராங் வேலைக்காரியைக் கேலி செய்யும் இடத்தில் நான் சொன்ன மொழிபெயர்ப்பு நன்றாக இல்லை என்று என் மனைவி அவளே வேறு வசனம் போட்டாள். அது அசலைவிட நன்றாகவே இருந்தது. மாத்திரை இன்னும் தொடர்கிறது, தொடர் பார்த்து வியாதி போய்விட்டது என்று நான் கதை விடமாட்டேன். ஆனால் ராத்திரி சாப்பாட்டில் மறுபடியும் பேச்சு வந்தது.

பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றிய பேச்சுதான். தொடரிலும் அதுதானே பாதி. கேத்சுராங் மாங்காய்க்கு நாம் பிளா வான் என்று இனிப்பும் உப்புமான மீன் குழம்பு மாதிரி ஒன்றைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுவாள். நாங்கள் சைவம். "வெல்லப்பாகில் உப்பும் மிளகாயும் போட்டால் அதே ருசி வரும்" என்று இவள் அடித்துச் சொன்னாள். செய்தும் பார்த்தாள், வந்தது. இன்னொரு காட்சியில் கேத்சுராங், நடுவில் மேடும் ஓரத்தில் வாய்க்காலுமாக இருக்கும் இறைச்சி வாட்டும் சட்டியைச் செய்யச் சொல்லி, வீட்டோடு உட்கார வைத்துச் சாப்பிட வைப்பாள். மூ கிராத்தா என்று இன்று தாய்லாந்தில் தெருவுக்குத் தெரு இருக்கும் சாப்பாடு. அதுவரை அவளைக் கண்டால் முகம் சுளித்த பெரியவர்களும் அதில் கை வைக்கிறார்கள். மாமியார் மனசு மாற நம் சீரியலில் ஒரு தீ விபத்தாவது தேவைப்படும். இங்கே ஒரு சட்டி போதுமானதாக இருக்கிறது.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. மென்மையான கதை என்பதற்காகத் தணிக்கையில் விட்டுவிட முடியாது.

முதலாவது, எங்கள் மகள் சொன்னது. பருமனான பெண்ணை அப்படியே அயுத்தயாவுக்கு அனுப்பியிருக்கலாமே? ஒல்லியான அழகியின் உடம்பைக் கொடுத்துத்தான் காதலிக்க வைக்க வேண்டுமா? இத்தனைக்கும் இரண்டு பேராகவும் நடித்திருப்பவர் பெல்லா ரானீ கேம்பென்தான், பருமனுக்குத் தனி வேஷம் போட்டிருக்கிறார்கள். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, தொடரிடமும் இல்லை. இரண்டாவது, அடிமைகள். அந்த வீட்டு வேலைக்காரர்கள் சம்பளத்துக்கு வந்தவர்கள் அல்ல. கேத்சுராங் அன்பாக இருக்கிறாள், சரி. ஆனால் அடி வாங்குவதைக்கூடச் சில இடங்களில் சிரிப்புக்கு வைத்திருக்கிறார்கள். எனக்கு அங்கே சிரிப்பு வரவில்லை. என் மனைவிக்கும் வரவில்லை. மூன்றாவது, காரகேத் செத்துப்போனதற்கு யாரும் உட்கார்ந்து அழவில்லை. கெட்டவள்தான். இருந்தாலும் அவள் உடம்பில் இன்னொருத்தி குடும்பம் நடத்துகிறாள். அவளுடைய ஆவி வந்து தனக்காகப் புண்ணியம் செய்யச் சொல்லிக் கேட்கும் இடம் இருக்கிறது, இவளும் செய்கிறாள். அதை இன்னும் கொஞ்சம் நின்று காட்டியிருக்கலாம்.

சண்டை இல்லாத கதை என்கிறேனே தவிர, சுற்றியிருக்கும் காலம் சாதுவான காலம் அல்ல. கான்ஸ்டன்டைன் ஃபால்கன் என்ற கிரேக்கர் நாராய் மன்னரின் அரண்மனையில் பெரிய அதிகாரத்துக்கு வருகிறார். அவர் மனைவி மரியா, ஜப்பானும் போர்ச்சுகலும் கலந்த வம்சம். தோங் யிப், தோங் யோத் என்று முட்டை மஞ்சள் கருவில் செய்யும் தாய்லாந்து இனிப்புகளை அறிமுகப்படுத்தியவர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். 1688-இல் ஃபால்கனின் தலை போய்விடுகிறது. அதே வருஷம் மன்னரும் இறந்துபோகிறார். 1767-இல் பர்மியப் படை வந்து அயுத்தயாவையே எரித்துவிடுகிறது. இதெல்லாம் தொல்லியல் படித்த கேத்சுராங்குக்குத் தெரியும். எல்லாவற்றையும் பேசுகிறவள், மரியாவைப் பார்க்கும்போது அதைச் சொல்ல முடியாமல் நிற்கிறாள். ஓயாத வாய்க்குள்ளே பூட்டி வைத்த ஒரு பெட்டி. என் மனைவி இந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "நிறையப் பேசறவளுக்கும் சொல்ல முடியாதது இருக்கும்" என்றாள். நான் "ம்" போடவில்லை. "என்ன அது?" என்று கேட்டேன். அவள் சொன்னது எங்களோடு இருக்கட்டும்.

தொடர் ஓடிய நாட்களில் தாய்லாந்து ஜனங்கள் பழைய காலத்து உடை உடுத்திக்கொண்டு அயுத்தயாவில் ஆற்றங்கரையில் இருக்கும் சாய்வத்தனாராம் கோயிலுக்குக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். 1630-இல் கட்டிய கோயில். 'ஓச்சாவ்' என்று ஒரு பழைய சொல்லால் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டார்கள். நம் 'நீர்', 'உமக்கு' மாதிரி வழக்கொழிந்த சொல் அது. இடிபாடுகளுக்குள் போய் நின்று அப்படிப் பேச வைக்க, சண்டை போடாத இரண்டு பேரின் கதையால் முடிந்திருக்கிறது.

நம் வளாகத்திலேயே மூன்று நான்கு வீடுகளில் பிள்ளைக்கும் பெண்ணுக்கும் வரன் பார்க்கிறார்கள். இப்போதெல்லாம் ஜாதகத்தோடு சுபாவப் பொருத்தமும் கேட்கிறார்களாம். பையன் அதிகம் பேசாதவன், ஆகவே அதே மாதிரி பெண் வேண்டும் என்று குறிப்பிலேயே எழுதிவிடுகிறார்கள். அவரவர் விருப்பம். அப்படி இரண்டு பேசாதவர்கள் சேர்ந்த வீட்டில் காஸ் தீர்ந்ததை யார் யாரிடம் சொல்வார்கள் என்று மட்டும் எனக்குச் சந்தேகம். சுபாவத்தைக் கேட்கிறவர்கள், எதிராளி சொல்வது புரியாதபோது இந்தப் பையன் என்ன செய்வான் என்பதையும் கேட்டு வைத்தால் நல்லது என்பது என் அபிப்பிராயம். முறைப்பானா, எழுந்து போய்விடுவானா, இல்லை "அப்படியென்றால் என்ன?" என்று கேட்பானா.

2022-இல் இதே ஜோடியை வைத்து ஒரு சினிமாவும் வந்தது, அதை நாங்கள் பார்க்கவில்லை. 2023-இல் தொடரின் தொடர்ச்சி வந்திருக்கிறது. பெயர் 'ப்ரோம் லிகித்'. பிரம்ம லிகிதம், தலையெழுத்து. 26 எபிசோடு. போன வாரம் ஆரம்பித்திருக்கிறோம். என் தொண்டை தாங்குமா என்று தெரியவில்லை, தினமும் ராத்திரி எட்டு மணிக்கு ஓர் எபிசோடில் பாதி என்று பிரித்து வைத்திருக்கிறோம்.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு என் மனைவி இப்போது வாக்கரோடு கீழே இறங்கி, பி பிளாக் வாசலில் கல்பெஞ்சில் உட்காருகிறாள். இந்தத் தொடரை ஏற்கெனவே பார்த்தவர்கள், பார்க்காதவர்கள், சீரியலே பிடிக்காதவர்கள் யாராக இருந்தாலும் அந்தப் பக்கம் வந்தால் ஐந்து நிமிஷம் உட்காருங்கள். நீங்கள் பேச வேண்டியதில்லை, பேச்சை அவள் பார்த்துக்கொள்வாள். பெஞ்சில் இடம் இல்லாவிட்டால் செக்யூரிட்டியிடம் சொல்லி இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிக்கு ஏற்பாடு செய்திருக்கிறேன்.